மொட்டை மாடியிலிருந்து விமானிக்கு: வானில் அடையாளம் தெரியாத பொருளைக் கண்டால் வடசென்னைவாசி செய்ய வேண்டியவை

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கடலோரத்தில் வசிப்பவர்களுக்குக் கிழக்கே மறைப்பில்லாத வானம் வாய்த்திருக்கிறது. காத்தாடி விடுகிறவர்கள், புறா வளர்க்கிறவர்கள், விடியுமுன் கடலுக்குக் கிளம்பும் மீனவர்கள் என்று அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் கண்கள் இங்கே அதிகம். ஆனாலும் புரியாத ஒன்று வானில் தென்பட்டால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கைப்பேசியில் பெரிதாக்கி நடுங்கும் வீடியோ எடுத்து, நாலு குழுக்களுக்கு அனுப்பி, வேற்றுக்கிரகத்தாரா என்று கேட்கிறோம்.

அந்தக் கேள்வி கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். அந்தப் பொருள் எதுவாக இருந்தாலும், அதே உயரத்தில் ஒரு விமானி வந்துகொண்டிருக்கலாம். அவருடைய பாதுகாப்புக்குப் பயன்படுபவை மூன்று: எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு உயரக் கோணத்தில். ஒரு சாதாரண மாடியிலிருந்து இந்த மூன்றையும் நம்பத்தக்கபடி எடுத்துத் தர முடியும். எப்படி என்று பார்ப்பதற்கு முன், இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை காட்ட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது

450 நாட் (மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லும் போர் விமானம் ஒரு நொடியில் ஏறக்குறைய 230 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு பொருளைக் கண்டு, அது என்ன என்று உணர்ந்து, மோதும் பாதையில் இருப்பதை அறிந்து, திருப்ப முடிவெடுத்து, விமானம் உண்மையில் திரும்பும் வரை 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்லிவரும் கணக்கு. அந்த நேரத்தில் விமானம் சுமார் 2,900 மீட்டர் போய்விடும். ஆகவே அவ்வளவு தொலைவிலேயே பொருள் கண்ணில் பட்டாக வேண்டும். ஒரு மீட்டர் அகலமுள்ள பலூன் அந்தத் தொலைவில் கூரிய கண்ணின் எல்லையை மட்டுமே தொடும் புள்ளி. பின்னணியில் மேகமோ கடல் மூட்டமோ இருந்தால் அதுவும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நேராக மோத வரும் பொருள் விமானத்தின் முன்கண்ணாடியில் இடம் மாறாமல் நிற்கும். அசைவதைத்தான் நம் கண் விரைவாகப் பிடிக்கிறது. ஆபத்தான பொருள் அசையாமல், கடைசி ஓரிரு நொடிகளில் மட்டும் திடீரென்று பெரிதாகும். அதனால்தான் வேகமாகப் பறக்கும் மர்மப் பொருளைவிட, மெதுவாக மிதக்கும் சிறிய பொருளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

அமெரிக்கக் கடற்படையின் முன்னாள் எஃப்/ஏ-18 போர் விமானி ரயன் கிரேவ்ஸ் 2023 ஜூலை 26 அன்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னது இதற்குச் சான்று. 2014இல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பாலுள்ள பயிற்சி வான்பகுதிக்குள் அவருடைய படைப்பிரிவின் இரண்டு விமானங்கள் நுழைந்தபோது, தெளிந்த கோளத்துக்குள் கரிய கனசதுரம் போன்ற ஒரு பொருள் முன்னே சென்ற விமானத்திலிருந்து 50 அடிக்குள் கடந்தது. பயிற்சியை உடனே நிறுத்தித் திரும்பினார்கள். பாதுகாப்பு அறிக்கையும் எழுதினார்கள். ஆனால் அதற்கு மேல் அந்த அறிக்கை எங்கும் நகரவில்லை என்பதே அவருடைய வருத்தம். 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை 144 நிகழ்வுகளை ஆராய்ந்தது. அவற்றில் உறுதியாக அடையாளம் காணப்பட்டது ஒன்றே ஒன்று. அது காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். மயிரிழையில் மோதல் தவிர்க்கப்பட்டதாக விமானிகள் பதிவு செய்தவை 11. அந்த அறிக்கையில் நான் முதலில் கவனிப்பது இந்த 11ஐத்தான்.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே இனம் தெரியாத பொருள் தென்பட்டதால் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இரண்டு ரஃபேல் விமானங்கள் தேடிப் போய், எதையும் காணாமல் திரும்பின. 2016 குடியரசு நாளன்று ராஜஸ்தான் எல்லைப் பகுதியில் பலூன் போன்ற ஒரு பொருளை விமானப்படையின் சுகோய்-30 சுட்டு வீழ்த்தியது.

நம் வானில் யார் பறக்கிறார்கள்

சென்னையைச் சுற்றி ராணுவ விமானப் போக்குவரத்து நிறையவே இருக்கிறது. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. அங்கிருந்து பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் வங்கக்கடலுக்குப் போய் வருகின்றன. தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானங்கள் கரையை ஒட்டிப் பறக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது ஹெலிகாப்டர்கள் நகரத்தின் மேல் தாழப் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அதே வாரங்களில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது கடலோரக் காவல்படை வானிலிருந்து ஆய்வு செய்தது. நம்மைக் காக்க வரும் அந்த விமானிதான் நம் மாடிகளுக்கு மிக அருகில், மிகத் தாழ்வாகப் பறக்கிறார். இந்த வழிகாட்டி முதலில் அவருக்காகத்தான்.

தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கோ விமானத்துக்கோ அருகில் ட்ரோன், பெரிய பலூன் போன்ற ஏதேனும் தெரிந்தால் கீழே உள்ள படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 112ஐ அழைத்து இடத்தையும் திசையையும் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

படி 1: நேரம்

பார்த்த கணத்திலேயே கைப்பேசிக் கடிகாரத்தைப் பாருங்கள். கைப்பேசி வலையமைப்போடு தானே சரிசெய்துகொள்வதால் அதுவே போதும். தொடக்க நேரம், மறைந்த நேரம் இரண்டும் வேண்டும். ரேடார் பதிவோடு ஒப்பிட வருபவருக்கு ‘ஏழு மணி வாக்கில்’ என்ற தகவல் உதவாது. ‘7.12 முதல் 7.15 வரை’ என்பது உதவும்.

படி 2: திசையும் கோணமும்

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஓடிப் போய் வேறு மாடியிலிருந்து பார்த்தால் முதல் அளவு வீணாகும்.

திசை காண்பது நமக்கு எளிது. கடல் கிழக்கே. எண்ணூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் வடக்கே. மணலி ஆலைகள் திருவொற்றியூர்காரருக்கு மேற்கே. எந்தக் கட்டடத்துக்கு, எந்தக் கோபுரத்துக்கு மேலே பொருள் நின்றது என்று குறித்தால், பிறகு வரைபடத்தில் கோடு போட்டு ஓரிரு பாகை துல்லியத்துக்கு வந்துவிடலாம். கைப்பேசியின் திசைகாட்டியையும் பார்க்கலாம். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டம், கைப்பிடிச் சுவரின் கம்பி ஆகியவற்றுக்கு அருகில் அது தவறாகக் காட்டும். நான் எப்போதும் கட்டடத்தைத்தான் நம்புவேன்.

உயரத்தை அடியிலோ மீட்டரிலோ சொல்லாதீர்கள். தெரியாத பொருளின் அளவு தெரியாது, ஆகவே தொலைவும் தெரியாது, உயரமும் தெரியாது. சொல்லக்கூடியது கோணம் மட்டுமே. கையை முழுவதும் நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய 1 பாகை. மூடிய முட்டியின் அகலம் 10 பாகை. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 20 பாகைக்குச் சற்று மேல். அடிவானிலிருந்து முட்டிமேல் முட்டி வைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கை எவ்வளவு சரியாக அளக்கிறது என்று சோதிக்க நல்ல வழி உண்டு. சென்னை வடக்கு அட்சரேகை 13 பாகையில் இருப்பதால், துருவ நட்சத்திரம் எப்போதும் வடக்கே அடிவானிலிருந்து 13 பாகை உயரத்தில் நிற்கும். மழை பெய்து மூட்டம் கழுவப்பட்ட இரவில் ஒரு முட்டியும் மூன்று சுண்டுவிரல் அகலமும் வைத்து அதைத் தேடிப் பாருங்கள்.

தொடக்கத்தில் ஒரு திசையும் கோணமும், முடிவில் ஒரு திசையும் கோணமும், இடையில் எவ்வளவு நேரம். இவை இருந்தால் அந்தப் பொருளின் பாதையைக் காகிதத்தில் வரைந்துவிடலாம். ஒலி கேட்டதா, விளக்கு சிமிட்டியதா, காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் சேருங்கள். காற்றோடு போகும் பொருளும் காற்றை எதிர்த்துப் போகும் பொருளும் முற்றிலும் வேறு வகை. இதில் காசிமேட்டு மீனவர் ஒருவரின் சொல்லுக்கு நான் எந்தக் கருவிக்கும் நிகரான மதிப்புக் கொடுப்பேன்.

படி 3: வீடியோ

பெரிதாக்காதீர்கள். பெரிதாக்கினால் குவியம் தவறி, விளக்குப் புள்ளி ஒளிரும் வட்டத் தட்டாக மாறும். இணையத்தில் உலவும் ‘ஒளிக்கோளங்கள்’ பல இப்படிப் பிறந்தவையே. கைப்பேசியைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, படச் சட்டத்துக்குள் ஒரு கட்டட விளிம்போ தெருவிளக்குக் கம்பமோ இருக்கும்படி வையுங்கள். அசையாத ஒன்று உடன் இருந்தால்தான் அசைவை அளக்க முடியும். கண்ணாடி ஜன்னல் வழியே எடுக்க வேண்டாம், அறை விளக்கு அதில் பிரதிபலிக்கும். எடுக்கும்போதே நேரத்தையும் திசையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், அதனுள் பதிந்த நேரமும் இடமும் போய்விடும். அனுப்பியாக வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

படி 4: இரண்டாவது கண்

ஒற்றை ஆள் பார்த்ததில் தொலைவு கிடைக்காது. இரண்டு பேர் வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் திசை குறித்தால் கிடைக்கும். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கடலுக்கு மேலே ஒரு பொருளை இருவரும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் சொல்லும் திசைக்கும் இடையே 45 பாகை வேறுபாடு இருந்தால், பொருள் கரையிலிருந்து சுமார் 5 அல்லது 6 கிலோமீட்டரில் இருக்கிறது. வேறுபாடு 5 பாகைதான் என்றால் 57 கிலோமீட்டர் தள்ளி. வேறுபாடே இல்லையென்றால் அது கோளோ நட்சத்திரமோ ஆகும் வாய்ப்பு மிக அதிகம். தொலைவு தெரிந்தவுடன் உயரமும் வேகமும் தாமே வந்துவிடும். நண்பரை அழைத்து, ‘இப்போது கிழக்கே பார், எந்தக் கட்டடத்துக்கு மேலே தெரிகிறது சொல்’ என்று கேட்கும் ஒரே ஓர் அழைப்பு, பத்து வீடியோக்களைவிட மேலானது.

இந்தக் கணக்கைச் செய்யாவிட்டால் தேர்ந்த கண்களும் ஏமாறும். அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்த ஒரு வீடியோவில் சிறு வெண்புள்ளி கடலை ஒட்டி மின்னல் வேகத்தில் பாய்வதுபோலத் தெரிந்தது. 2023இல் நாசாவின் ஆய்வுக் குழு, அதே வீடியோவின் திரையில் இருந்த கோணத்தையும் தொலைவையும் வைத்துக் கணக்கிட்டது. பொருள் இருந்தது கடலையொட்டி அல்ல, சுமார் 13,000 அடி உயரத்தில். அதன் வேகம் மணிக்கு 40 மைல் அளவில். வேகமாகப் போனது படமெடுத்த விமானம்தான்.

படி 5: வழக்கமாக ஏமாற்றுபவை

தகவல் சொல்லும் முன் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். வடசென்னைக்கு மட்டுமே உரிய சில இதில் உண்டு.

வெள்ளியும் வியாழனும் முதல் ஆட்கள். லடாக் எல்லையில் மாதக் கணக்கில் வீரர்கள் கவனித்துவந்த ஒளிகள் உளவு ட்ரோன்கள் என்று ஐயுறப்பட்டன. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வல்லுநர்கள் 2013இல் அவை வெள்ளியும் வியாழனும் என்று கண்டுசொன்னார்கள். எல்லைக் காவலில் நிற்பவருக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம். கோள்களையும் நட்சத்திரங்களையும் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியை வானுக்கு நேரே நீட்டினால் சில நொடிகளில் விடை கிடைக்கும். அடிவானருகே சிவப்பும் பச்சையுமாக மினுங்குவது பெரும்பாலும் சிரியஸ் போன்ற பிரகாசமான நட்சத்திரம்.

அடுத்தது நேர் எதிரே வரும் பயணிகள் விமானம். அதன் தரையிறங்கும் விளக்கு இரண்டு மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிந்து, விமானம் திரும்பியதும் அணைந்துவிட்டதுபோல மறையும். பறக்கும் விமானங்களை நேரலையாகக் காட்டும் பிளைட்ரேடார்24 தளத்தில் பாருங்கள். அங்கே எதுவும் காட்டவில்லை என்பதால் விமானமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ராணுவ விமானங்கள் பல அதில் தெரியாது.

ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். விடியலுக்குச் சற்று முன்னரோ அந்தி சாய்ந்த பின்னரோ ராக்கெட் ஏறினால், தரையில் இருட்டாக இருக்கும்போதே மேலே புகைத் தாரையில் வெயில் பட்டு, விசிறி விரித்ததுபோல வானம் ஒளிரும். இஸ்ரோ ஏவும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. பன்னாட்டு விண்வெளி நிலையம் சிமிட்டாமல், ஒலியில்லாமல், நான்கைந்து நிமிடத்தில் வானைக் கடக்கும். வரிசையாக முத்துக் கோத்ததுபோல நகர்ந்தால் அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஹெவன்ஸ் அபவ் தளத்தில் இரண்டுக்கும் நேரம் பார்க்கலாம்.

வானிலைப் பலூன் கொஞ்சம் கவனத்துக்குரியது. மீனம்பாக்கத்திலிருந்து காலை, மாலை 5.30 மணி அளவீட்டுக்காக வழக்கமாகப் பலூன் விடப்படுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். மாலையில் நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் மேலே அதன் மீது வெயில் படுவதால் அசையாத வெண்புள்ளியாகத் தெரியும்.

மணலி சுத்திகரிப்பு ஆலையின் எரிவாயுச் சுடர் மழைக்காலத் தாழ்மேகத்தில் பட்டுச் செந்நிற ஒளித்திட்டாகத் துடிக்கும். புகைபோக்கிகளின் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள், மூட்டத்தில் புகைபோக்கி மறைந்ததும், தனியே மிதப்பதுபோலத் தெரியும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் அடிவானுக்குச் சற்று மேலே நிற்பதுபோலத் தோன்றும்.

பறவைகளை ‘வெறும் பறவைதானே’ என்று கடந்துபோக வேண்டாம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் மேல் வெப்பக் காற்றில் வட்டமிடும் பருந்துகளும், மாலை வெயிலில் ஒன்றாகத் திரும்பிப் பளிச்சிடும் பந்தயப் புறாக் கூட்டமும் அடையாளம் தெரிந்தவைதான். ஆனாலும் அவை விமானிக்கு ஆபத்தே. 2019 ஜூன் 27 அன்று அம்பாலாவில் கிளம்பிய விமானப்படையின் ஜாகுவார் போர் விமானம் மீது பறவைகள் மோதி ஓர் எஞ்சின் செயலிழந்தது. விமானி கூடுதல் எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டுத்தான் பத்திரமாக இறங்க முடிந்தது. தெருவில் இறைச்சிக் கழிவு கொட்டப்படுவதை எதிர்ப்பதும் விமானப் பாதுகாப்புக்கான வேலைதான்.

படி 6: யாரிடம், எப்படிச் சொல்வது

கழித்த பிறகும் எஞ்சினால் சொல்லிவிடுங்கள். கேலி செய்வார்களோ என்ற தயக்கம் வேண்டாம். அந்தத் தயக்கத்தால் பயிற்சி பெற்ற விமானிகளே வாய் திறக்காமல் இருந்தார்கள் என்று மேலே சொன்ன 2021 அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அமெரிக்கக் கடற்படை 2019இல் தன் விமானிகளுக்கான புகார் முறையையே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

கரையில் இருப்பவர்கள் 112ஐயோ அருகிலுள்ள காவல் நிலையத்தையோ அழைக்கலாம். கடலில் இருக்கும் மீனவர்களுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554. ‘பறக்கும் தட்டு’ என்று தொடங்காதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். உதாரணமாக:

‘இன்று மாலை 6.42 முதல் 6.47 வரை, தண்டையார்பேட்டை, என் வீட்டு மாடியிலிருந்து. கிழக்கே, அடிவானிலிருந்து 15 பாகையில் ஒரு வெள்ளை உருண்டை. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. கடற்காற்றுக்கு எதிராக, மெதுவாக வடகிழக்கே நகர்ந்து 10 பாகையில் மறைந்தது. அதே நேரம் கரையை ஒட்டி ஒரு ஹெலிகாப்டர் தெற்கே போனது. மூல வீடியோ இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து நண்பரும் பார்த்தார்.’

இதில் ஒரு சொல்கூட ஊகம் இல்லை. இப்படி ஒன்று கையில் இருந்தால் விசாரிப்பவர் ரேடார் பதிவையும் வானிலைப் பதிவையும் எடுத்து ஒப்பிட முடியும்.

பொதுவெளியில் உடனே பதிவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பொருளைத் தேடி ராணுவ விமானம் வந்திருந்தால் அதன் பாதையையும் நேரத்தையும் ஊருக்கு அறிவிப்பது அந்த விமானிக்குத் துரோகம். 2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தின்போது படை நகர்வுகளை நேரலையாகக் காட்ட வேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் ஊடகங்களிடம் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். நமக்கும் அது பொருந்தும்.

படி 7: நம் கையிலிருந்து மேலே போகும் பொருட்கள்

இன்னொருவர் மாடியிலிருந்து பார்த்தால் நாம் விடும் பொருளும் அடையாளம் தெரியாத பொருள்தான். 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க் அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது பொழுதுபோக்கு ட்ரோன் ஒன்று மோதி அதன் சுழலி இறக்கையில் சேதம் ஏற்படுத்தியது. ட்ரோனை இயக்கியவர் கண்ணுக்கெட்டாத தொலைவில் அதை விட்டிருந்தார். மோதியது அவருக்குத் தெரியவே தெரியாது. விசாரணை அதிகாரிகள் தேடிப் போய்ச் சொன்ன பிறகுதான் அறிந்தார்.

திருமண வீடியோவுக்கு ட்ரோன் எடுப்பவர்கள் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் போகக் கூடாது. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் என்று நம் பகுதி முழுக்க முக்கியமான இடங்கள். ‘இங்கே யார் கேட்கப் போகிறார்கள்’ என்று நினைக்க வேண்டாம்.

காத்தாடி நம் பிள்ளைகளின் விளையாட்டு, அதை நானும் நேசிக்கிறேன். மாஞ்சா நூலை மட்டும் தொடாதீர்கள். இருசக்கர வாகனத்தில் போனவர்களின் கழுத்தை அறுத்த நூல் அது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. வெள்ள நிவாரணத்துக்கோ மீட்புக்கோ ஹெலிகாப்டர்கள் வரும் நாட்களில் பருத்தி நூல் காத்தாடியையும் இறக்கிவிடுங்கள், புறாக்களைக் கூண்டில் அடையுங்கள். புத்தாண்டு இரவில் தீபம் ஏற்றிப் பறக்கவிடும் காகித விளக்குகளுக்கு எண்ணெய்க் கிடங்குகள் சூழ்ந்த நம் பகுதியில் இடமே இல்லை. லேசர் விளக்கை விமானத்தின் மீது அடிப்பது குற்றம். தரையிறங்கும் நேரத்தில் விமானியின் கண்ணைச் சில நொடி குருடாக்கினாலே போதும், அத்தனை உயிரும் போகக்கூடும்.

படி 8: விழுந்து கிடந்தால், வலையில் சிக்கினால்

சிறு வெள்ளைப் பெட்டி, நூல், கிழிந்த ரப்பர், சின்னப் பாராசூட் ஆகியவை சேர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் வானிலைப் பலூனின் கருவி. ஆபத்து இல்லாதது. உலோக உருளை, கருகிய தகடு, கோள வடிவக் கலம், மின்கம்பி தொங்கும் பெட்டி என்றால் கையால் தொடாதீர்கள். ராக்கெட் பாகங்களில் எஞ்சிய எரிபொருள் நச்சாக இருக்கலாம். வெடிக்கும் பகுதிகளும் இருக்கலாம். பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவது உயிரைப் பணயம் வைப்பது. கரையில் கிடந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நின்று, பிள்ளைகளைத் தள்ளிவைத்து, 112க்குச் சொல்லுங்கள். நடுக்கடலில் வலையில் ஏறினால் படகுக்குள் இழுக்க வேண்டாம். வலையை அறுத்துவிட நேர்ந்தாலும் அறுத்துவிட்டு, ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் குறித்துக்கொண்டு 1093க்கும் 1554க்கும் தெரிவியுங்கள். அறுத்த வலை மிதக்கும் திசையையும் சேர்த்துச் சொன்னால் தேடி வரும் கப்பலுக்கு வேலை பாதியாகும்.